திருச்சியில் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் குழு) கூட்டத்துக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஆர்கான்_கை | டிசம்பர் 5, இரவு 11:20

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 41. துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில் ஆர்கான் வெல்டர். குடி ஆரம்பித்துப் பதினைந்து வருடம் இருக்கும், கடைசி நான்கு வருடமாகக் காலையிலும். காலையில் ஒரு கட்டிங் போடாமல் ஃபில்லர் ராடை, அதாவது உருக்கி ஒட்டவைக்கும் கம்பியை, பிடித்தால் நுனி ஆடும். நுனி ஆடினால் டார்ச்சின் டங்ஸ்டன் ஊசியில் போய் ஒட்டும். அதைக் கழற்றி, தீட்டி, மறுபடி முதலிலிருந்து. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

ஒவ்வொரு கார்த்திகையும் மாலை போடுவேன். 48 நாள் ஒரு சொட்டு கிடையாது. "நினைத்தால் நிறுத்துகிறேன் இல்லையா, அப்புறம் நான் எப்படிக் குடிகாரன்?" பத்து வருடமாக வீட்டில் இதுதான் என் வாதம். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடை வாசலில் நின்றதும் உண்டு. போன வருடம் முதல் வாரம் முழுக்கத் தூக்கமில்லை, கை நடுங்கியது. சாமி சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வருடம் மாலை போட்ட மறுநாள் காலை, குளித்துவிட்டு வரும்போது வலிப்பு வந்து வாசல்படியில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் 6 நாள். அதில் 2 நாள் எனக்கு நினைவே இல்லை. சுவரெல்லாம் பூரான் ஓடுகிறது என்று சத்தம் போட்டேனாம். மாலையை மாமனார்தான் கழற்றிக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் போட்டாராம்.

இன்று 19 ஆம் நாள். அனுப்பும்போது டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஏஏ கூட்டத்துக்கும் போங்க என்றார். எங்கே, எப்போது என்று கேட்க வாய் வரவில்லை. பின்னால் வரிசை நின்றது.

யாராவது போயிருந்தால் சொல்லுங்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? சர்ச்சில்தான் நடக்கும் என்கிறார்கள், மதம் மாற்றுவார்களா? காசு எவ்வளவு? எல்லாவற்றையும்விட, தெரிந்தவன் யாராவது அங்கே இருந்தால்? எங்கள் தெருவில் விஷயம் தெரிந்தால் என் பெண்ணுக்குத்தான் கஷ்டம்.

பழைய_பாவி | டிசம்பர் 6, காலை 5:50

தம்பி, நான் மதுரை. விட்டு 16 வருடம் ஆகிறது. அதைப் பெரிய கணக்காக எடுத்துக்கொள்ளாதே. நானும் இன்றைக்கு ஒரு நாள்தான் குடிக்காமல் இருக்கப் போகிறேன்.

ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் குழுக்களும் தொடர்பு எண்களும் இருக்கும். ஆனால் நேராகப் போய் நிற்காதே. குழுக்கள் இடம் மாறும், கிழமை மாறும். எண்ணுக்குக் கூப்பிட்டு, "இந்த ஞாயிறு கூட்டம் உண்டா, எந்தக் கேட் வழியாக வரவேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் போ. எந்தக் கேட் என்பது முக்கியம். பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பிப் போனவன் திரும்ப வரமாட்டான், நிறையப் பார்த்திருக்கிறேன். எண் கிடைக்காவிட்டால் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேள். 14446 என்று மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது, போதை மீட்புக்கு என்றே. அதிலும் வழி சொல்வார்கள்.

சர்ச் விஷயம். சர்ச் வளாகம், பள்ளிக்கூட அறை, ஆஸ்பத்திரி மாடி, எது குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறதோ அங்கே நடக்கும். கூட்டத்துக்கும் சர்ச்சுக்கும் நடுவே அந்த வாடகைதான் சம்பந்தம். கட்டணம் என்று எதுவும் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இருப்பவர்கள் பத்து இருபது போடுவார்கள், டீக்கும் வாடகைக்கும். புதியவர்களைப் போட விடமாட்டோம். வெளியார் நன்கொடை கொடுத்தாலும் வாங்குவதில்லை. சேரத் தகுதி ஒன்றே ஒன்று, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. முழுப் பெயர், ஊர், சாதி, சம்பளம் யாரும் கேட்க மாட்டார்கள்.

உன் ஃபில்லர் ராடு கதையைப் படித்தபோது, ஏஏவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் பாபின் ஞாபகம் வந்தது. 1935 இல் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊருக்கு பில் வில்சன் என்ற பங்குத் தரகர் வேலையாக வந்தார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் கெட்டுப்போய் ஓட்டலில் தனியாக நிற்கிறார், ஒரு பக்கம் பார், ஒரு பக்கம் டெலிபோன். இன்னொரு குடிகாரனிடம் பேசினால்தான் தப்பிப்பேன் என்று தோன்றி, போன் மேல் போன் போட்டுக் கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைப் பிடித்தார். ஜூன் 10 ஆம் தேதி பாபுக்கு ஒரு ஆபரேஷன். கை நடுங்குகிறது. நடுக்கம் நிற்க பில் ஒரு பீர் கொடுத்தார். பாப் வாழ்நாளில் குடித்த கடைசிச் சரக்கு அதுதான். அந்தத் தேதியைத்தான் ஏஏ பிறந்த நாளாகச் சொல்கிறோம். இந்தியாவுக்கு 1957 இல் வந்தது.

தெரிந்தவன் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாய். அவன் அங்கே எதற்கு வந்திருக்கிறான் என்று நீயும் யோசி.

நேர்_பேச்சு | டிசம்பர் 6, காலை 9:14

கேட்டால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். மனக்கட்டுப்பாடு இருந்தால் போதும். என் பெரியப்பா பேத்தி பிறந்த அன்று நிறுத்தினார், இன்று வரை தொட்டதில்லை. கூட்டம் போட்டுப் புலம்பினால் குடி போய்விடுமா? மாலை போட்டு 48 நாள் இருந்தவருக்கு 49 ஆம் நாள் இருக்க முடியாதா?

நர்ஸ்_அக்கா | டிசம்பர் 6, மதியம் 2:05

நேர்_பேச்சு, உங்கள் பெரியப்பா நல்லா இருக்கட்டும். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே "மனக்கட்டுப்பாட்டோடு" நிறுத்தப் போகிறவர்கள் இங்கே நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

22 வருடம் வார்டில் இருந்திருக்கிறேன். காலையில் குடிக்காமல் கை நடுங்குகிறது என்றால் அது மனசு விஷயத்தைத் தாண்டிவிட்டது. தினமும் சரக்கோடு ஓடப் பழகிய மூளை, திடீரென்று அது இல்லாவிட்டால் தறிகெட்டு ஓடும். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை பயம், பிதற்றல், இல்லாத பூச்சி தெரிவது, காய்ச்சல், படபடப்பு. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். கார்த்திகை ஒன்றாம் தேதியை ஒட்டிய வாரத்தில் இப்படி வருகிறவர்களை வருடா வருடம் பார்த்தேன். கறுப்பு வேட்டியோடுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு தடவை நிறுத்தித் திரும்பக் குடிக்கும்போதும் அடுத்த தடவை நிறுத்துவது இன்னும் மோசமாக வரும். இந்தத் தம்பிக்குப் பத்தாவது மாலையில் வலிப்பு வந்தது அதனால்தான் இருக்கும்.

அதனால் தினமும் குடிக்கிறவர்கள் டாக்டரைப் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ஐந்தாறு நாள் மாத்திரையோடு, வைட்டமின் பி1 ஊசியோடு, கண்காணிப்பில் நிறுத்துவது ஒரு வேலை. திரும்ப ஆரம்பிக்காமல் இருப்பது வேறு வேலை. முதல் வேலையை நாங்கள் செய்துவிடுவோம். இரண்டாவதற்கு வார்டில் ஆள் கிடையாது. அதற்குத்தான் கூட்டம்.

தம்பி, மாத்திரையைப் பாதியில் விடாதே. கூட்டத்தில் யாராவது மாத்திரை வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காதே.

ஆர்கான்_கை | டிசம்பர் 6, இரவு 10:02

எல்லோருக்கும் நன்றி. அக்கா, கறுப்பு வேட்டி என்று படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை. நான் அப்படித்தான் போனேன்.

போன் செய்தேன். எங்கோ கிடைத்த முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதில் ஒருவர் எடுத்தார். ஹலோ சொன்னதும் நான் பேசாமல் இருந்தேன். அவரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டாச்சா?" என்றார். அப்புறம் அரை மணி நேரம் பேசினோம், என் பேரைக்கூடக் கேட்கவில்லை. ஞாயிறு மாலை 6 மணி, பின்பக்கக் கேட் என்றார்.

தென்னூர்_மருமகள் | டிசம்பர் 7, காலை 11:30

அண்ணா, நான் மற்ற பக்கத்து ஆள். குடித்தது என் வீட்டுக்காரர்.

செய்யாத வேலை இல்லை. கோவிலில் கயிறு கட்டினோம், சத்தியம் வாங்கினோம். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மாத்திரையைப் பொடி செய்து அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்தேன். அன்று இரவு குடித்துவிட்டு வந்தவருக்கு முகம் ரத்தமாகச் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி. செத்துவிடுவார் என்றே நினைத்தேன். அது டைசல்பிராம், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை என்று பிறகு தெரிந்தது. சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் மட்டும் எடுக்கவேண்டிய மாத்திரை. நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யுமாம். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அவர் அதற்குப் பிறகு ஒரு வருடம் என் கையால் சாப்பிடவில்லை.

அல்அனான் என்று குடும்பத்தாருக்குத் தனிக் கூட்டம் இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் 1951 இல் தொடங்கியது. அங்கே முதலில் சொன்னது, அவர் குடிக்கு நீ காரணம் இல்லை, உன்னால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினோரு வருடம் வீணாகப் பர்ஸைத் துழாவி, பாட்டிலைக் கொட்டி, லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேனே என்று. அவர் இன்னும் குடிக்கிறார். நான் தூங்குகிறேன். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

கேள்விக்குறி | டிசம்பர் 7, மதியம் 1:48

எதிர்ப்பக்கமும் ஒருவர் சொல்லவேண்டும். நான் நாத்திகன். மூன்று கூட்டம் போனேன். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகளில் பாதியில் கடவுள் வருகிறார். "நீங்கள் அறிந்த வகையில் கடவுள்" என்று சமாளிக்கிறார்கள். என்னால் ஒட்ட முடியவில்லை. மனநல மருத்துவரிடம் போய் நால்ட்ரெக்சோன் என்ற, குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரை எடுத்தேன், கூடவே ஆலோசனை. இரண்டரை வருடமாகக் குடிக்கவில்லை. ஏஏ தவிர வேறு வழியில்லை என்ற மாதிரிப் பேசுவது தவறு. ஸ்மார்ட் ரிகவரி என்று கடவுள் இல்லாத குழுக்களும் உண்டு, இணையத்தில் நடக்கின்றன. தமிழில் நான் பார்த்ததில்லை, ஆங்கிலம்தான்.

பழைய_பாவி | டிசம்பர் 7, மாலை 4:20

சரியாகச் சொன்னாய். வழி ஒன்றுதான் என்று நானும் சொல்ல மாட்டேன். எனக்கு முதல் இரண்டு வருடம் கடவுள், எதிர்வீட்டு மாடியில் எரியும் ட்யூப்லைட். அது எரிகிற வரை குடிப்பதில்லை என்று ஒரு கணக்கு. அந்த வீட்டுக்காரர் கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைத்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்குமோ.

கேள்விக்குறி | டிசம்பர் 7, மாலை 5:01

ட்யூப்லைட் என்றால் எனக்கும் சம்மதம். :)

நியாயமாக இதையும் சொல்லிவிடுகிறேன். 2020 இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று வந்தது, 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏஏவிலும், அதில் கொண்டுசேர்க்கும்படி முறையாக வகுத்த சிகிச்சையிலும் இருந்தவர்கள் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற மனநல சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறையவில்லை, பல இடங்களில் கூடுதலாகவே இருந்தார்கள். எனக்குப் பிடிக்காத முடிவு, ஆனால் முடிவு அதுதான். ஏன் என்று நான் யோசித்தது: டாக்டரை மாதம் ஒருமுறை பார்க்கிறோம். சரக்கு ஆசை இரவு பதினோரு மணிக்கு வருகிறது. அந்த நேரத்தில் போன் எடுக்க ஆள் வைத்திருப்பது அவர்கள்தான்.

நெறியாளர் | டிசம்பர் 7, மாலை 6:15

இருவர் தங்கள் கைபேசி எண்ணைப் பொதுவில் போட்டிருந்தீர்கள், நீக்கிவிட்டேன். தனிமடலில் பகிருங்கள்.

ஆர்கான்_கை | டிசம்பர் 7, இரவு 9:37

போகவில்லை. அதாவது போனேன், உள்ளே போகவில்லை.

5:40 க்கே போய்விட்டேன். கேட்டுக்கு எதிரே டீக்கடை. ஒரு டீ சொன்னேன். கேட் வழியாக ஒருவர் சைக்கிளில் போனார், இரண்டு பேர் பைக்கில், ஒருவர் காரில். காரில் வந்தவர் இஸ்திரி போட்ட சட்டை, ஆபீசர் மாதிரி. இவர் எதற்கு வருகிறார், ஒருவேளை இடம் தப்போ என்று யோசித்தேன். இன்னொரு டீ. உள்ளே விளக்கு போட்டார்கள். கைதட்டல் சத்தம் கேட்டது, எதற்கு என்று தெரியவில்லை. மூன்றாவது டீ குடிக்கும்போது எங்கள் ஏரியா பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

வீட்டில் மனைவி "எப்படி இருந்தது?" என்றாள். "நல்லா இருந்தது" என்று பொய் சொன்னேன். குடிக்காமலே பொய் சொல்கிறேன்.

மாடித்_தோட்டம் | டிசம்பர் 7, இரவு 11:55

சிரிக்காதீர்கள், நான் அடையாறில் ஒரு கூட்டத்தின் வாசல் வரை நான்கு தடவை போய்த் திரும்பியவள். ஐடி வேலை, வயது 34, தனியாக வீட்டில் ஒயினில் ஆரம்பித்து வோட்காவில் முடிந்த கேஸ். பெண் குடிக்கிறாள் என்றால் நம் ஊரில் அதற்கு நோய் என்று பெயர் இல்லை, வேறு பெயர்கள்தான். ஐந்தாம் தடவை உள்ளே போனபோது இருபது ஆண்கள், நான் ஒருத்தி. ஒரு பெரியவர் எழுந்து வந்து, யார் வீட்டுக்காரரைத் தேடி வந்திருக்கிறேன் என்று கேட்டார்! தப்பாகக் கேட்கவில்லை, பாவம், அவருக்குத் தெரிந்தது அதுதான்.

பிறகு இணையவழிக் கூட்டங்களுக்கு மாறினேன். பெண்களுக்கு மட்டும் என்றே இருக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு, ஒரு மாதம் வாயே திறக்காமல் கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நேரில் போகப் பயம் என்றால் அப்படித் தொடங்கலாம். ஆனால் எனக்கு நிஜமாகப் பிடிப்பு வந்தது, பெரம்பூரில் இருந்து ஒரு அக்கா நேரில் வந்து என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே தன் கதையைச் சொன்ன அன்றுதான்.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் இருந்து அந்த மனிதருக்குப் போன் போடுங்கள். வெளியே வந்து கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

ஆர்கான்_கை | டிசம்பர் 14, இரவு 10:48

போனேன். மேடம் சொன்ன மாதிரியே டீக்கடையில் இருந்து போன். அவர் வெளியே வந்தார், என் டீக்கும் காசு கொடுத்தார்.

அங்கே கேட்டது அங்கேயே இருக்கட்டும் என்று தொடக்கத்திலேயே சொன்னார்கள். அதனால் மற்றவர் சொன்ன எதையும் எழுதப் போவதில்லை, என் பங்கை மட்டும்.

சின்ன அறை. வட்டமாக பிளாஸ்டிக் நாற்காலி, பதினொரு பேர். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது. லேமினேட் செய்த அட்டையில் பன்னிரண்டு படிகள், தமிழில். ஒருவர் வாசித்தார், கண்ணாடி இல்லாமல் தூர வைத்துக்கொண்டு. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, உச் கொட்டுவதுகூட இல்லை. இது எனக்கு ரொம்ப விசித்திரமாக இருந்தது. நம் வீடுகளில் ஒரு ஆள் மூன்று நிமிஷம் முழுசாகப் பேசி நான் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. "பேசவேண்டும் என்று இல்லை" என்றார்கள். "என் பெயர்" என்று சொல்லிப் பெயரையும் சொன்னேன். அடுத்த வார்த்தை வரவில்லை. எல்லோரும் "வணக்கம்" என்றார்கள். மாலையைப் பற்றிச் சொன்னேன், 48 நாள் கணக்கு. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. அவர்களும் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. குடிநோயாளி என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போன வாரம் கேட்ட கைதட்டல் என்ன என்று கேட்டேன். ஒருவருக்கு ஒரு வருடம் முடிந்ததாம், கேக் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கேக்கைத் தவறவிட்டேன்.

தெரிந்த முகம் ஒன்று இருந்தது. அவ்வளவுதான் எழுதுவேன். என்னைப் பார்த்து அவருக்கும் ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது.

கடைசியில் எழுந்து நின்று ஒரு சின்னப் பிரார்த்தனை, மாற்ற முடியாததை ஏற்கும் அமைதி வேண்டும் என்று. சாமி பெயர் எதுவும் இல்லை. கிளம்பும்போது ஐந்து பேருடைய எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். "குடிக்கத் தோன்றினால் குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடு. குடிச்சிட்டுக் கூப்பிட்டா பாட்டில்தான் பேசும்" என்றார் ஒருவர்.

சந்தேகம்_ராஜா | டிசம்பர் 16, காலை 8:30

இழையைத் திசை திருப்பவில்லை, அவசரம். என் தம்பியை ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். வண்டியோடு ஆட்கள் வந்து தூக்கிப் போவார்களாம், மூன்று மாதம் பார்க்க விடமாட்டார்களாம். சரியா?

நர்ஸ்_அக்கா | டிசம்பர் 16, காலை 10:10

வேண்டாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடிநோயும் அடங்கும். அப்படி உள்நோயாளியாக வைக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்று, டாக்டர் தினமும் வருகிறாரா, போனில் பேச விடுவார்களா என்று மூன்றையும் கேளுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள். கட்டிப்போட்டு அடித்த தழும்போடு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் செலவில்லாமல் சேர்க்கலாம். சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் பார்ப்பார்கள். தனியாரில் வேண்டுமென்றால் இந்திரா நகரில் டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது. 1980 இல், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது.

ஆர்கான்_கை | ஜனவரி 18, இரவு 11:15

எழுத வெட்கமாக இருக்கிறது. 58 நாள் இருந்தேன். மாலைக் கணக்கைத் தாண்டிப் பத்து நாள், அதிலேயே ஒரு தெனாவெட்டு வந்துவிட்டது. அதற்கு முந்தின ஞாயிறு வேலை இருக்கிறது என்று கூட்டத்துக்குப் போகவில்லை. வேலை எதுவும் இல்லை.

போகி அன்று மச்சான் வளைகுடாவில் இருந்து வந்தான். பாட்டிலைத் திறந்தான். "ஒரே ஒரு பெக், பொங்கல் இல்லையா" என்றான். சட்டைப் பையில் அந்த ஐந்து எண் எழுதின தாள் இருந்தது, தொட்டுக்கூடப் பார்த்தேன். பொங்கல் அன்று நானே கடைக்குப் போனேன். மறுநாள் திருவள்ளுவர் தினம், கடை கிடையாது. காலை 7 மணிக்கு ஒரு முட்டுச் சந்தில், பிளாக்கில் இரட்டை விலை கொடுத்து ஒரு குவார்ட்டர் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பையனுக்கு இருபது வயது இருக்கும், ரூபாய் நோட்டை எண்ணமுடியாமல் கை ஆடியது. நான் எண்ணிக் கொடுத்தேன். என் கையும் ஆடியது.

அதையும் குடித்தேன். பார்த்ததும் திருந்தினேன் என்று சொன்னால் பொய்.

நேற்று காலை போன் செய்தேன். "முதலில் டாக்டரிடம் போ, நான் வருகிறேன்" என்று ஸ்கூட்டரில் வந்து உட்கார்த்திக் கூட்டிப் போனார். மாத்திரை கொடுத்தார்கள், வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டு அனுப்பினார்கள். இன்று கூட்டத்தில் சொன்னேன். மூன்று நாள் குடித்தேன் என்று. மின்விசிறி டக் டக் என்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவர் பேச ஆரம்பித்தார்.

முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து தோளில் கை வைத்தார். அறிவுரை வரப் போகிறது என்று நினைத்தேன். "எனக்கு முட்டி வலி, அடுத்த வாரத்தில் இருந்து நாற்காலி நீ போடு. அஞ்சரைக்கு வந்துடு" என்று சாவியைக் கையில் கொடுத்தார். முந்தாநாள் வரை குடித்தவன் கையில்.

பழைய_பாவி | ஜனவரி 19, காலை 5:45

அந்தப் பெரியவர் கைகாரர். எனக்கு டம்ளர் கழுவுகிற வேலை கொடுத்தார்கள். ஆறு மாதம். நான் போகாவிட்டால் பத்துப் பேருக்கு டீ கிடையாது என்பதற்காகவே போன வாரங்கள் உண்டு.

58 நாள் எங்கேயும் போய்விடவில்லை தம்பி. ஆனால் போகியில் ஆரம்பித்ததா என்று யோசி. எனக்குத் தெரிந்து அதற்கு முந்தின ஞாயிறே ஆரம்பித்துவிட்டது.

நர்ஸ்_அக்கா | ஜனவரி 19, காலை 7:20

டாக்டரிடம் முதலில் போனது ரொம்பச் சரி. ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு மூன்று நாள் குடித்து நிறுத்தினாலும் ஆபத்துதான். இந்த வாரம் தனியாக இருக்காதே. வெல்டிங் வேண்டாம், உயரத்தில் ஏறாதே, வண்டி ஓட்டாதே.

நேர்_பேச்சு | ஜனவரி 19, இரவு 8:40

டிசம்பரில் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பெரியப்பாவிடமும் கேட்டேன், எப்படி நிறுத்தினீர்கள் என்று. பேத்தி பிறந்த பிறகு ஒரு வருடம் தினமும் மாலை ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவாராம், கடை மூடும் வரை. அந்த நண்பரும் விட்டவர். எனக்கு இது தெரியாது.

ஆர்கான்_கை | பிப்ரவரி 8, இரவு 9:50

23 ஆம் நாள். மூன்று ஞாயிறு நாற்காலி போட்டுவிட்டேன். பட்டறையில் முதலில் கிரைண்டிங் மட்டும் கொடுத்தார்கள், இந்த வாரம்தான் ஆர்கானில் உட்கார விட்டார்கள். காலை 8 மணிக்கு ஒரு இரண்டு அங்குல பைப், சுற்றி ஒரு ஜாயின்ட். டங்ஸ்டனை இரண்டு தடவை தீட்டவேண்டி வந்தது. முன்னால் எட்டு தடவை தீட்டுவேன்.

மனைவி இன்னும் என் வாயை முகர்ந்து பார்க்கிறாள். பார்க்கட்டும். தென்னூர் தங்கச்சி சொன்ன அல்அனான் பற்றிச் சொன்னேன், "முதல்ல நீ ஒழுங்கா போ" என்றாள்.

இரவுப்_பறவை | பிப்ரவரி 8, இரவு 11:31

முழு இழையும் இப்போதுதான் படித்தேன். நானும் திருச்சிதான். நேற்றுதான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தேன். அடுத்த ஞாயிறு வரலாமா? வந்தால் பேசவேண்டுமா? எனக்குக் கூட்டத்தில் பேச வராது.

ஆர்கான்_கை | பிப்ரவரி 8, இரவு 11:36

வாங்க. பேசவேண்டாம். தனிமடலில் என் எண்ணும் இடமும் அனுப்பியிருக்கிறேன், இந்த வாரத்தில் எந்த ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் கூப்பிடுங்க. ஞாயிறு ஆறு மணிக்குக் கூட்டம், நீங்கள் ஐந்தரைக்கே வந்தால் நல்லது. பதினான்கு நாற்காலி, ஒன்றோடு ஒன்று இறுகிப் போயிருக்கும், பிரிக்க இரண்டு ஆள் வேண்டும். எதிரே டீக்கடையில் மட்டும் நிற்காதீங்க, பஸ் வந்துவிடும்.